வாய்விட்டுச் சொல்லாத வீடு

"கே நீன்யா மாஸ் போனீத்தா!" என்றாள் வேதநாயகி. என்ன அழகான பெண் குழந்தை என்று ஸ்பானிஷ் மொழியில் அர்த்தம். அதோடு வாயை மூடியிருந்தால் பிழைத்திருப்பாள். மூடினாளா? "பேரோ உன் போக்கோ ஃப்ளாக்கா" என்று கூடவே ஒரு வாலையும் ஒட்டினாள். ஆனால் கொஞ்சம் ஒல்லி.

எதிர் மேஜையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஸ்பெயின் தேசத்துத் தாயாக நடித்துக்கொண்டிருந்த ஃபாத்திமா, அந்த வேஷத்தை அப்படியே கழற்றி வைத்துவிட்டு ஸ்பானிஷ் டீச்சராக முறைத்தாள்.

"அரே வேதா, இன்னாமா இது? முந்தாநாளு 'அழகு, ஆனா மூக்கு சப்பை'ன்ன. நேத்து 'அழகு, ஆனா முடி கம்மி'ன்ன. இன்னிக்கு ஒல்லியா? கஸ்டமர் ஆசையா குழந்தை போட்டோவ அனுப்பி ஆல்பம் போட்டுக் குடுங்கன்னு கேக்கறாங்க. நீ அவங்க கிட்டயே மூக்கு சப்பைன்னு சொன்னா போனைப் பட்டுனு வெச்சிடுவாங்க."

"தானா வருது மேடம். நான் வேணும்னு சொல்லல."

"தானா வர்றத தானாவே முழுங்கு. வெள்ளிக்கிழமை டெஸ்ட்டு. இருக்கறது ரெண்டு சீட்டு. நீங்க அஞ்சு பேரு."

வேதநாயகி நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தாள். மறுபடி நகர்ந்து உட்கார்ந்தாள். காலுக்கடியில் தணல் இருந்தாலும் மனுஷி இப்படித் தவிக்க மாட்டாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

இது 2004இல் நடந்தது. தொம்மலூரைச் சுற்றிக் கண்ணாடிக் கட்டடங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். அதில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்த கால் சென்டரில், அமெரிக்காவில் யார் வீட்டிலோ ஓடாமல் நின்ற வாஷிங் மெஷினுக்காக வேதநாயகி மூன்று வருஷமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு கம்பெனி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். விடிந்து ஆறு மணிக்குக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும். அப்புறம் பகலெல்லாம் ஜன்னலுக்குப் போர்வை கட்டித் தூங்க வேண்டியது. ஆந்தைக்குக்கூடப் பெண்டாட்டி பிள்ளை என்று குடும்பம் கூடவே முழித்திருக்கும். இவளுக்கு அதுவும் இல்லை.

அதே கால் சென்டரில் இருந்த ஸ்பானிஷ் டீம் அப்படியில்லை. குழந்தைகளின் படங்களை வைத்து ஆல்பம் போட்டுத் தரும் ஒரு மாட்ரிட் கம்பெனிக்கு அது வேலை பார்த்தது. பகல் பன்னிரண்டரைக்குப் போனால் ராத்திரி ஒன்பதரைக்கு முடிந்துவிடும். ராத்திரி தூங்கலாம். காலையில் ஆறு மணி நேரம் முழுசாக முழித்துக்கொண்டு, மனுஷியாக, மகள் ஷில்பாவுடன் இருக்கலாம். வேதநாயகிக்கு வேண்டியது அந்த ஆறு மணி நேரம்தான். வேறு எதுவும் வேண்டாம்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் குழாயடியில் 'ஐயோ' என்று ஷில்பாவின் அலறல் கேட்டது. தூக்கத்திலிருந்து வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து ஓடினாள் வேதநாயகி. முழங்கால் கிழிந்து ரத்தம் வழிய நாலு வயசுக் குழந்தை ஓடி வந்துகொண்டிருந்தது. இவள் இரண்டு கையையும் விரித்துக் குனிந்தாள். குழந்தை அந்தக் கைக்கு அடியில் புகுந்து, இவளைத் தாண்டி, சமையலறைக்குள் ஓடி "அத்தம்மா!" என்று கத்திக்கொண்டு அம்புஜத்தின் காலைக் கட்டிக்கொண்டது. விரித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் இவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சாயங்காலமே போய் ஸ்பானிஷ் வகுப்புக்குப் பேர் கொடுத்துவிட்டாள். தினம் மூன்று மணிக்கு வகுப்பு, அதற்காகத் தூக்கத்தில் இரண்டு மணி நேரம் போனது. போகட்டும்.

அம்புஜம் யார் என்று சொல்ல வேண்டும். வேதநாயகியின் கணவன் இளங்கோவனுக்கு அக்கா, வயது நாற்பத்தைந்து. ஒக்கலிபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். குழந்தை இல்லை. கல்யாணமான எட்டாவது வருஷம், ஓரகத்தியின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு "எம்மாடி, எவ்ளோ அழகு!" என்று ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அன்று பொழுது சாயக் குழந்தைக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் குழந்தை எழுந்து உட்கார்ந்து சிரித்தது. ஆனால் 'கொள்ளிக்கண்ணு' என்று அன்றைக்கு வந்த பேர் அம்புஜத்தை விட்டுப் போகவில்லை. விசேஷ வீடுகளில் இவளைக் கண்டாலே பெண்கள் பிள்ளையை முந்தானைக்குள் மறைத்தார்கள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தம்பி வந்து தொம்மலூருக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். அடுத்த வருஷம் ஷில்பா பிறந்தாள். குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, அங்கன்வாடிக்குக் கொண்டுபோய் விட்டது எல்லாம் அம்புஜம்தான். நாலு வருஷத்தில் அந்தக் குழந்தையைப் பார்த்து நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தினம் காலையில் இரட்டை ஜடை பின்னி, பவுடர் போட்டு, சட்டையை நீவிவிட்டு, எதிரே நிறுத்திப் பார்ப்பாள். பார்த்துவிட்டு "சகிக்கல, போ" என்பாள். கன்னத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு வைப்பாள். ஷில்பா அதைக் கேட்டுவிட்டுத் துள்ளிக்கொண்டு ஓடும்.

வேதநாயகிக்கும் வாய் அப்படியே படிந்துவிட்டது. பெற்றவள் கண்தான் எல்லாவற்றிலும் பொல்லாதது என்று அந்தத் தெருவே சொல்லும்போது எந்தத் தாய் வாயைத் திறப்பாள்? பக்கத்து வீட்டுப் பிள்ளையை யாராவது புகழ்ந்தால்கூட, இவள் அவசரமாக ஒரு குறையைச் சேர்த்துச் சமன் செய்துவிடுவாள். ஃபாத்திமா 'ஆனா, ஆனா' என்று தலையில் அடித்துக்கொண்டது வேறொன்றுமில்லை. பேச்சுக்கு ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான்.

இதைப் புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் ஃபாத்திமாவிடம் ஒருவழியாகச் சொல்லியும் விட்டாள்.

"அட இதுவா!" என்றாள் ஃபாத்திமா. அல்சூரில் பிறந்தவள். கல்யாணமான புதிதில் ஏழு வருஷம் கணவனோடு பார்சிலோனாவில் துணிக்கடை நடத்தியவள். "எங்க வீட்ல மட்டும் நஸர், கண்ணு படறது, இல்லையா? நாங்க 'மாஷா அல்லா'ன்னு ஒரு வார்த்தைய சேர்த்துட்டுப் போயிட்டே இருப்போம். நீ குறை சொல்லி சரி பண்ற. இங்க பாரு."

போர்டில் ஒரு ஆச்சரியக் குறியைத் தலைகீழாகப் போட்டாள். அதற்குப் பிறகு கொஞ்சம் இடம் விட்டு, நேராக இன்னொன்று போட்டாள்.

"நம்ம பாஷைல கடைசில ஒண்ணு போடுவோம். இவங்க ஆரம்பத்துலயே ஒண்ணு போட்டுருவாங்க. ஏன்? வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும், நான் இப்ப ஆச்சரியப்படப் போறேன்னு. பாதி வழில பயந்து திரும்பி வரக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. புரிவதில் எப்போதுமே குறைச்சல் இல்லை. விதியெல்லாம் விரல் நுனியில் இருந்தது. 'கே' போட்டு ஒரு குணத்தைச் சொன்னால் போதும், எவ்வளவு அழகு, எவ்வளவு உயரம் என்று ஆகிவிடும். பொருளையும் சேர்க்க வேண்டுமானால் 'கே', பொருள், நடுவில் 'தான்' அல்லது 'மாஸ்', அப்புறம் குணம். நடக்கிற காரியத்தைப் பார்த்து வியந்தால் 'கோமோ'. எண்ணிக்கையைப் பார்த்து மலைத்தால் 'குவான்தோ', பெண்பாலுக்குக் 'குவான்தா'.

அன்று மாலை அல்சூர்ப் பக்கம் ஒரு வேலையாகப் போனவள், பஸ்ஸில் தொங்கிக்கொண்டே ஊரையெல்லாம் வியந்துகொண்டு வந்தாள். புதிதாக எழும்பிய அபார்ட்மென்ட்டைப் பார்த்து "கே காஸா தான் கிராந்தே!" எவ்வளவு பெரிய வீடு. சிக்னலில் நின்ற ஜனத்தைப் பார்த்து "குவான்தா ஹென்தே!" எத்தனை ஜனம். ஏரிப் பக்கம் சடசடவென்று பிடித்த மழையைப் பார்த்து "கோமோ யுவேவே!" என்னமாய்ப் பெய்கிறது. பக்கத்தில் நின்ற அம்மாள், பாவம் இந்தப் பெண்ணுக்கு என்ன கஷ்டமோ என்று பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். வீட்டுக்கு வந்து, கதவோரம் பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த ஷில்பாவைப் பார்த்தாள். வாய் 'கே' என்று ஆரம்பித்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. எரிச்சலாக வந்தது. செருப்பைக் கழற்றி எறிந்தாள்.

வியாழக்கிழமை ஃபாத்திமா எல்லாரிடமும் சொன்னாள். "நாளைக்கு வீட்டுலேர்ந்து ஒரு குழந்தை போட்டோ கொண்டு வாங்க. மாட்ரிட்லேர்ந்து பிலார்னு ஒரு அம்மா போன்ல டெஸ்ட் பண்ணுவாங்க. அந்த போட்டோவ கம்ப்யூட்டர்ல பாத்துக்கிட்டே, அந்தக் குழந்தையோட அம்மாவா நடிப்பாங்க. நீங்க ஏஜென்ட்."

அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள் வேதநாயகி. அம்புஜம் ஷில்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். பீரோவைத் திறந்து ஆல்பத்தை இழுத்துக் கீழே போட்டு உட்கார்ந்தாள். ஒரு பக்கம் புரட்டினாள். இன்னொரு பக்கம் புரட்டினாள். புரட்டப் புரட்ட வயிறு எரிந்தது. முதல் பிறந்த நாளில் குழந்தை அம்புஜத்தின் மடியில். அங்கன்வாடி விழாவில் அம்புஜத்தின் இடுப்பில். இளங்கோவன் பீன்யா பக்கம் பட்டறை வேலையிலிருந்து வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்த படங்களில் அம்புஜத்தின் தோளில். வேதநாயகி எங்கே? ஒரு படத்தில் மட்டும் பின்னால், கட்டிலில், போர்வைக்கு வெளியே அவளுடைய ஒரு கால் தெரிந்தது. நாலு வருஷத் தாய்மைக்கு ஒரு கால்!

கடைசியில் அல்சூர் ஸ்டுடியோவில் எடுத்த படத்தை உருவினாள். மூன்றாவது பிறந்த நாள். பச்சைப் பட்டுப் பாவாடை, இரட்டை ஜடை, கனகாம்பரம், கன்னத்தில் பொட்டு. ஷில்பா ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அம்புஜம்.

கத்தரிக்கோலை எடுத்தாள். எடுத்தாள்தான், மறைப்பானேன்? அம்புஜத்துக்கும் குழந்தைக்கும் நடுவில் கத்தரியை வைத்தும் விட்டாள். கை ஓடவில்லை. 'சீ' என்று கத்தரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, படத்தை நடுவில் மடித்தாள். அம்புஜம் பின்பக்கம் போனாள். ஷில்பா மட்டும் முன்பக்கம் இருந்தாள். நகத்தால் அழுத்தி நீவிப் பையில் வைத்துக்கொண்டாள். அன்று ராத்திரி குழந்தை பக்கத்தில் படுத்திருந்தும் அவள் புரண்டுகொண்டேதான் கிடந்தாள்.

வெள்ளிக்கிழமை ஸ்கேனர் பக்கத்தில் விக்கி உட்கார்ந்திருந்தான். அவனும் அந்த ஐந்து பேரில் ஒருவன். எதைப் பார்த்தாலும் 'வாவ்' என்று கத்துகிறவன், அவனுக்கு இந்தப் பரீட்சை ஒரு விஷயமே இல்லை. "குடு வேதா, உன்னுதையும் ஏத்திடறேன்" என்று வாங்கினான். "இன்னா மடிஞ்சி போச்சு?" என்று தன்பாட்டில் பிரித்து, உள்ளங்கையால் தட்டி, முழுசாகக் கண்ணாடிமேல் வைத்து மூடினான். வேதநாயகி "விக்கி, இரு, இரு" என்று வருவதற்குள் பச்சை விளக்கு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடி முடித்துவிட்டது.

நாலு மணிக்கு அவள் முறை வந்தது. சின்ன அறை. மேஜைமேல் ஒரு ஸ்பீக்கர் போன். கம்ப்யூட்டரில் அந்தப் படம், நடுவில் வெள்ளைக் கோடாக மடிப்போடு. மூலையில் மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டு ஃபாத்திமா உட்கார்ந்திருந்தாள். வேதநாயகி உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். ஈரம் போகவில்லை.

பிலாரின் குரல் கணீரென்று இருந்தது. ஸ்பானிஷில்தான் பேசினாள்.

"வணக்கம் வேதா. படம் எனக்கு வந்துவிட்டது. குழந்தையின் பக்கத்தில் நிற்கிற அம்மாவின் பெயர் என்ன?"

அது அம்மா இல்லை, அம்மா நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அதற்கான வார்த்தைகளும் தெரியும். நாக்கு நுனியில் நின்றது. ஃபாத்திமா நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்புஜம்" என்றாள் வேதநாயகி.

"சரி. இப்போது நான்தான் அம்புஜம். என் மகளுடைய படத்தை அனுப்பியிருக்கிறேன். பார்த்தீர்களா? கோமோ சே பரேஸே ஆ மீ!"

என்னமாய் என்னைப் போலவே இருக்கிறாள்! மாட்ரிட்டில் உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு, இந்த ஊரையே பார்க்காதவளுக்கு, குழந்தை யாருடையது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டதாம். என்ன கொடுமை இது! பெற்றவள் வாயாலேயே, 'ஆமாம் அம்மா, உன் மகள் அழகு' என்று இன்னொருத்திக்குச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மகளோடு இருக்கலாம்.

படத்தை வெறித்தாள். வேறு எங்கே பார்ப்பது? அப்போதுதான் அம்புஜத்தின் பக்கத்தை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தாள். அம்புஜம் கேமராவைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவாடை மடிப்புக் கலையாமல் இருக்க ஒரு கையால் ஓரத்தைப் பிடித்திருந்தாள். இன்னொரு கை, குழந்தை ஸ்டூலிலிருந்து விழுந்தால் தாங்க, முதுகுக்குப் பின்னால் தயாராக இருந்தது. வாய் இறுக மூடியிருந்தது. ஏதோ சொல்ல வந்து, பல்லைக் கடித்து அடக்கிய வாய். வேதநாயகிக்கு அந்த வாயைத் தெரியும். அவளுடைய வாயும் அதுதானே.

வாயைத் திறப்பதற்கு முன்னால் முடிவு பண்ண வேண்டும் என்று ஃபாத்திமா சொன்னது ஞாபகம் வந்தது. முடிவு பண்ணினாள்.

"கே நீன்யா மாஸ் போனீத்தா தியேனே உஸ்தேத், ஸென்யோரா!" என்றாள். எவ்வளவு அழகான மகள் உங்களுக்கு, அம்மா! குரல் உடைந்தது. உடைந்தாலும் நிற்கவில்லை. "கோன் கே கரீன்யோ லா ஆ பெய்னாதோ!" எவ்வளவு அன்போடு தலை வாரிவிட்டிருக்கிறீர்கள்!

ஃபாத்திமா பேனாவைத் தூக்கிக்கொண்டு 'ஆனா' வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை.

"நன்றி" என்றாள் பிலார். "ஆனால் பாருங்கள், குழந்தையின் கன்னத்தில் ஏதோ கறுப்பாக இருக்கிறது. அதை அழித்துவிட்டு ஆல்பத்தில் போடுவீர்களா?"

இது பரீட்சையில் எல்லாருக்கும் வரும் கேள்வி. கறை இருந்தால் இலவசமாக நீக்கித் தருவோம் என்று சொல்ல வேண்டும், பதில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். வேதநாயகி அந்தத் தாளைத் தொடவே இல்லை.

"வேண்டாம் அம்மா" என்றாள் ஸ்பானிஷில். "அது கறை இல்லை. நீங்கள் வைத்ததுதான். இவள் அழகு என்று வாய்விட்டுச் சொல்ல உங்களுக்குப் பயம். சொன்னால் குழந்தைக்கு ஆகாமல் போய்விடுமோ என்று. அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் கன்னத்தில் வைத்துவிட்டீர்கள். அதை நாங்கள் அழிக்க மாட்டோம்."

இலக்கணம் ஒன்றிரண்டு இடத்தில் தடுக்கி விழுந்தது. ஃபாத்திமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பிலார், அம்புஜமாக இல்லாமல் பிலாராகவே, "நன்றி வேதா. போதும்" என்று போனை வைத்தாள்.

அரை மணி நேரம் வராந்தாவில் நடந்தாள் வேதநாயகி. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு. ஃபாத்திமா கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"ஸ்கிரிப்ட விட்டு வெளிய போனதுக்கு மார்க் கொறச்சிட்டாங்க."

"போச்சா மேடம்?"

"எங்க போச்சு? ஒரு சீட்டு விக்கிக்கு, இன்னொண்ணு உனக்கு. திங்கக்கிழமை பன்னெண்டரைக்கு வந்துடு. அழாதம்மா, மூஞ்சிய தொடச்சிக்கோ."

படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறியவளுக்கு உட்காரவே முடியவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் "சீக்கிரம் போங்கண்ணா" என்றாள். டிரைவர், "பறந்தா போறது மேடம்?" என்று சலித்துக்கொண்டார்.

வீட்டில் அம்புஜம் தரையில் உட்கார்ந்து ஷில்பாவுக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு ஜடை முடிந்திருந்தது.

"அண்ணி, கெடச்சிடுச்சு! திங்கக்கிழமைலேர்ந்து காலைல வீட்ல இருப்பேன். ராத்திரியும் வந்துடுவேன்" என்று செருப்போடு உள்ளே வந்துவிட்டாள் வேதநாயகி. பையைத் தூக்கிக் கட்டில்மேல் போட்டாள். படம் நழுவிக் கீழே விழுந்தது.

"நல்லதாச்சு" என்றாள் அம்புஜம். எட்டிப் படத்தை எடுத்தாள். எடுத்தவள் அதை உற்றுப் பார்த்தாள். தனக்கும் குழந்தைக்கும் நடுவில், உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் விழுந்திருந்த வெள்ளைக் கோட்டை விரலால் ஒரு தரம் தடவினாள். அது எப்படி விழுந்தது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கத்தரிச்சே எடுத்துக்கினு போயிருக்கலாமே வேதா. மடிச்சா கோடு வுழுந்துடுது பாரு" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் வேதநாயகி தாங்கியிருப்பாள்.

இரண்டாவது ஜடையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள் அம்புஜம். கொடியில் கிடந்த தன் புடவைகளை ஒவ்வொன்றாக இழுத்து மடிக்கத் தொடங்கினாள். "காலைல நீ பாத்துக்குவ. மத்தியானத்துக்கு எங்கனா விட்டுக்கலாம், இப்ப அதுக்குன்னே எடம் வந்துடுச்சு. ஒக்கலிபுரத்துல எனக்கு ரூம்பு அப்படியேதான் கீது. நான் எதுக்கு நடுவுல."

"அண்ணி, நில்லுங்க."

"நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. பெத்தவ நீ."

"நில்லுங்கன்றேன்ல!" வேதநாயகி அந்தப் புடவையைப் பிடுங்கினாள். "மடிச்சேன். நான்தான் மடிச்சேன். பொறாமை. வயித்தெரிச்சல். கத்தரிக்கோல்கூட எடுத்தேன், போதுமா? எல்லாப் போட்டோலயும் நீங்க இருக்கீங்க, நான் எங்கயுமே இல்ல. ஆனா அங்க போயி எனக்கு வேலை எதனால கெடச்சுதுன்னு நெனச்சீங்க? உங்ககிட்ட பேசித்தான் கெடச்சுது."

"எங்கிட்டயா? நான் எங்க வந்தேன் அங்க?"

அந்த அறையில் நடந்ததை நின்றபடியே கொட்டினாள் வேதநாயகி. மாட்ரிட் அம்மாள் அம்புஜமாகப் பேசியது, தலை வாரிவிட்ட அன்பு, அழிக்கக் கூடாத பொட்டு, ஒன்று விடாமல். அம்புஜம் கேட்டுக்கொண்டே வந்தவள், 'எவ்வளவு அழகான மகள் உங்களுக்கு' என்ற இடம் வந்ததும் பதறிப்போய் இவள் வாயைப் பொத்தினாள்.

"சீ, வாய மூடுடி! கொயந்தை காதுல வுழப் போவுது. வெள்ளிக்கிழமை பொழுது சாயற நேரத்துல இன்னா பேச்சு இது!"

வேதநாயகி அந்தக் கையை மெதுவாக எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "நான் தமிழ்ல சொல்லல அண்ணி. அவங்க பாஷைல சொன்னேன்."

வெளியே ஷில்பா அரைகுறை ஜடையோடு "அத்தம்மா, இன்னொண்ணு?" என்று கூப்பிட்டாள். அம்புஜம் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் வேதநாயகியைப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த பாஷைல சொன்னா கண்ணு படாதா?"

"எப்படிப் படும்? இங்க எந்தக் கண்ணுக்கு ஸ்பானிஷ் தெரியும்?"

"நெசமாவா?"

"நெசமா. நானே இன்னிக்குச் சொன்னேனே. ஒண்ணும் ஆவல. நல்லதுதான் ஆச்சு."

அம்புஜம் மடித்த புடவைகளைக் கொடியிலேயே திரும்பப் போட்டாள். போய் வாசல் கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். வேதநாயகி இரண்டாவது ஜடையைப் பின்னி முடித்தாள். பின்னல் கோணலாக வந்தது. அம்புஜம் அதை அவிழ்க்கச் சொல்லவில்லை. "தெனம் இந்தப் பக்கம் உன்னுது, அந்தப் பக்கம் என்னுது" என்று மட்டும் சொன்னாள். ஷில்பாவைத் தூக்கி ஸ்டூல்மேல் நிறுத்தினாள்.

"சொல்லிக் குடு" என்றாள்.

"கே."

"கே."

"நீன்யா மாஸ் போனீத்தா."

முதலில் உதடு மட்டும் அசைந்தது. இரண்டாம் தடவை கிசுகிசுப்பாக வந்தது. மூன்றாம் தடவை, "கே நீனியா மாசு போனித்தா" என்று தப்பும் தவறுமாக, ஆனால் முழுசாக வந்துவிட்டது. அப்புறம் நிற்கவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு சொன்னாள், நெற்றியில் முட்டிக்கொண்டு சொன்னாள், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சொன்னாள். நாலு வருஷ பாக்கி. ஒக்கலிபுரத்துக் குழந்தையையும் சேர்த்தால் அதற்கும் மேலே. வேதநாயகி சுவரில் சாய்ந்துகொண்டு தானும் கூடவே சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் அவளுக்குக் கால் ஒரே இடத்தில் நின்றது.

ஷில்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அத்தம்மா, இன்னா சொல்றே?"

அம்புஜம் திடுக்கிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பழைய பயம் வந்து வாயைப் பிடித்துக்கொண்டது. "ஒண்ணுமில்லடி. நீ சகிக்கலைன்னு சொல்றேன்."

"அது தெரியுமே" என்றாள் ஷில்பா. "நீதான் தெனம் சொல்றியே."